'ஆழ்ந்த கவலை' மட்டும் போதுமா?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"இராணுவ ஆட்சிக்கு உலக நாடுகள் கொடுக்கும் நெருக்குதல் பலன் தருமா?" இதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நான் பேராசிரியையும் அல்ல, தூதரகத்தில் வேலை பார்த்தவளும் அல்ல. நிகழ்ச்சி படைப்பவள், அவ்வப்போது செய்தியும் வாசிப்பவள். அதனால் நான் வாசித்த ஒரு வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2021 பிப்ரவரி 1-ஆம் தேதி மியன்மாரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அன்றிலிருந்து "ஆழ்ந்த கவலை தெரிவித்தது" என்ற வாக்கியத்தை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. ஒருநாள் ஐநா கவலை தெரிவிக்கும். மறுநாள் ஆசியான் கவலை தெரிவிக்கும். அதற்கடுத்த நாள் ஒரு வெளியுறவு அமைச்சர் கவலை தெரிவிப்பார். நானும் குரலைச் சற்றுத் தாழ்த்தி வாசித்துவிட்டு வானிலை அறிக்கைக்குப் போய்விடுவேன்.

பிரிக்பீல்ட்ஸில் நான் வழக்கமாகச் சாப்பிடும் வாழையிலைக் கடை ஒன்று உண்டு. அங்கே மேசை துடைக்கும் பையன் மியன்மாரின் சின் மாநிலத்தைச் சேர்ந்தவன். வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசியே தமிழைக் கற்றுக்கொண்டவன். ஒருநாள் இலையைப் போட்டுக்கொண்டே கேட்டான்:

"அக்கா, நேத்து டிவியில எங்க ஊரப் பத்தி வாசிச்சீங்களே, என்ன சொன்னாங்க?"

"ரொம்பக் கவலையா இருக்குன்னு சொல்லியிருக்காங்க தம்பி" என்றேன்.

அவன் ஒரே ஒரு சொல்லைத்தான் திருப்பிக் கேட்டான்: "கவலைப்பட்டு?"

என்னிடம் பதில் இல்லை. சோறு வந்தது, சாப்பிட்டேன், காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. இன்றைய என் உரை, அந்தப் பையனுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில்.

நமக்கு இதில் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வி சிலருக்கு எழலாம். மியன்மார் என்ற பர்மா தமிழனுக்குத் தூரத்து நாடு அல்ல. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர்கள் போட்ட சயாம் மரண ரயில் பாதை, பர்மாவின் தான்பியூசாயாட்டில்தான் போய் முடிந்தது. நம் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அந்தப் பாதையில் மாண்டார்கள். 1952-இல் வந்த 'பராசக்தி' படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் பிழைத்தது ரங்கூனில்.

அந்த ரங்கூன் தமிழர்களுக்கு என்ன நடந்தது? 1962 மார்ச் 2-ஆம் தேதி ஜெனரல் நீ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகளும் வணிக நிறுவனங்களும் அரசுடைமை ஆயின. அதே ஆண்டு மே 17-ஆம் தேதி, 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த பணம் வெறுங்காகிதமானது. அடுத்த சில ஆண்டுகளில் இந்திய வம்சாவளியினர் சுமார் 3 லட்சம் பேர் சேமிப்பை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். சென்னையில் இருக்கும் பர்மா பஜார் அவர்கள் பிழைப்புக்காகப் போட்ட கடைவீதி. மணிப்பூரின் எல்லையில் உள்ள மோரே என்ற ஊரில் இன்றும் தமிழர்கள் இருக்கிறார்கள் என்றால், பர்மாவுக்குத் திரும்பிப் போக முயன்று முடியாமல் அங்கேயே தங்கியவர்களின் சந்ததி அவர்கள்.

அப்போது ஐநாவின் பொதுச் செயலாளர் யார் தெரியுமா? ஊ தாண்ட். அவரே ஒரு பர்மியர். 1961 முதல் 1971 வரை அந்தப் பதவியில் இருந்தார். இந்தியா பேசியது, கப்பல் அனுப்பியது. ஆனால் "இந்த மக்களின் உரிமையை மதி" என்று பர்மிய ஜெனரலை நெருக்கிப் பிடிக்க உலகத்தில் யாரும் முன்வரவில்லை. நம்மவர்கள் தெருவுக்கு வந்தபோது உலகம் எப்படிப் பேசாமல் இருந்தது என்பதை அறிந்தவர்கள் நாம்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்த சில நாட்களில் ஜெனீவாவில் மனித உரிமை மன்றம் கூடியது. இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளில் நிறைவேறியது. ஆதரித்து வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் இருந்தது, நம் மலேசியாவும் இருந்தது. 'உள்நாட்டு விவகாரம்' என்ற சொல்லைக் கேட்டு அன்று நாம் எவ்வளவு கொதித்தோம்! அதே சொல்லை இன்று மியன்மாருக்காக யாராவது சொன்னால், நாம் தலையாட்டிவிட முடியுமா?

சுபாங் ஜெயாவில் தொடங்கிய கதை

இனி ஆசியானின் கதைக்கு வருவோம். அதில் ஒரு முக்கிய அத்தியாயம் நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே எழுதப்பட்டது. 1997 ஜூலை 23-ஆம் தேதி, சுபாங் ஜெயாவில்தான் மியன்மார் ஆசியானில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் கூடாது என்றன. அன்றைய நம் பிரதமர் மகாதீரும் மற்றத் தலைவர்களும், ஒதுக்கி வைப்பதைவிட உள்ளே வைத்துப் பேசித் திருத்தலாம் என்றார்கள்.

பேசவும் செய்தார்கள். 2000-ஆம் ஆண்டில் ஐநா தன் சிறப்புத் தூதராக நியமித்தது ஒரு மலேசியரை, டான்ஸ்ரீ ரசாலி இஸ்மாயிலை. அவருடைய முயற்சிக்குப் பலனும் கிடைத்தது. 2002 மே 6-ஆம் தேதி ஆங் சான் சூ சி வீட்டுக் காவலிலிருந்து விடுதலையானார். ஓராண்டு சற்றே கடந்த நிலையில், 2003 மே 30-ஆம் தேதி தெபாயின் என்ற இடத்தில் அவருடைய வாகன அணி தாக்கப்பட்டது. அவரை மீண்டும் அடைத்தார்கள். 2004 மார்ச் மாதத்துக்குப் பிறகு ரசாலியை நாட்டுக்குள்ளேயே விடவில்லை. 2006 தொடக்கத்தில் அவர் பதவியிலிருந்து விலகினார். கதவைத் திறப்பதும் மூடுவதும் ஜெனரல்களின் கையில் இருக்கும்வரை, தூதர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வாசலில்தான் நிற்க வேண்டும்.

ஆனால் இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. உள்ளே சேர்த்துவிட்ட மகாதீரே 2003 ஜூலையில், வேறு வழியில்லை என்றால் மியன்மாரை ஆசியானிலிருந்து நீக்க நேரிடலாம் என்று பேசினார். 2004-இல் ஆசியான் நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கோலாலம்பூரில் கூடி மியன்மாருக்கென்று ஒரு குழுவை அமைத்தார்கள். 2006-இல் ஆசியான் தலைமை நாற்காலி மியன்மாருக்கு வர வேண்டியது. நெருக்குதல் தாங்காமல், 2005 ஜூலையில் "எங்களுக்கு இந்த முறை வேண்டாம்" என்று அவர்களே ஒதுங்கிக்கொண்டார்கள்.

2010-இல் சூ சி விடுதலை, 2015-இல் தேர்தல், அதில் அவருடைய கட்சிக்குப் பெரும் வெற்றி. நெருக்குதல் வென்றுவிட்டது என்று உலகம் கைதட்டியது. பொருளாதாரத் தடைகளுக்கும் அதில் பங்கு உண்டு, சீனாவையே நம்பியிருக்க ஜெனரல்கள் விரும்பாததற்கும் பங்கு உண்டு. ஆனால் உலகம் கைதட்டிக்கொண்டிருந்தபோதே 2017-இல் 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யா மக்கள் வங்காளதேசத்துக்குத் துரத்தப்பட்டார்கள். 2019-இல் காம்பியா என்ற சின்னஞ்சிறு ஆப்பிரிக்க நாடு அனைத்துலக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தி ஹேக் நகரில் மியன்மார் சார்பில் வாதாட வந்து நின்றவர் சூ சி. நாம் தனிமனிதர்களைத் தூக்கிப் பிடித்தோம், மக்களின் உரிமையை மறந்தோம். அது நாம் கற்ற கசப்பான பாடம்.

காகிதமும் காசும்

2021-க்குப் பிறகு நடந்தவற்றை நீங்கள் செய்தியில் கேட்டிருப்பீர்கள். ஏப்ரல் 24-ஆம் தேதி ஜகார்த்தாவில் ஆசியான் தலைவர்கள் ஐந்து அம்ச இணக்கத்துக்கு வந்தார்கள். வன்முறையை நிறுத்துவது, எல்லாத் தரப்பும் பேசுவது, சிறப்புத் தூதரை நியமிப்பது, மனிதாபிமான உதவி, தூதர் சென்று அனைவரையும் சந்திப்பது. மின் ஆங் லைங் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். ஊர் திரும்பியதும், நாட்டில் நிலைமை சீரான பிறகு இந்த யோசனைகளைக் கவனிக்கிறோம் என்று அவருடைய நிர்வாகம் சொல்லிவிட்டது.

அதே ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி ஐநா பொதுப்பேரவையில் 119 நாடுகள் இராணுவத்தைக் கண்டித்து வாக்களித்தன. மலேசியாவும் அதில் ஒன்று. எதிர்த்தது பெலாரஸ் மட்டுமே. 36 நாடுகள் வாக்களிக்கவில்லை. அவற்றில் சீனா, ரஷ்யா, இந்தியாவோடு நம் ஆசியான் நண்பர்கள் நால்வரும் அடக்கம். 2022 ஜூலையில் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் உட்பட நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். "வேண்டாம்" என்று அப்போது ஆசியான் தலைவராக இருந்த கம்போடியப் பிரதமர் ஹுன் சென் கடிதம் எழுதியும் கேட்கவில்லை.

எல்லாம் காகிதம். இதை மட்டும் பார்த்தால் அந்தப் பையனின் கேள்வி சரிதான். ஆனால் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும்.

ஐநாவின் சிறப்பு ஆய்வாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் மியன்மார் இராணுவம் குறைந்தது 1 பில்லியன் அமெரிக்க டாலர் பெறுமான ஆயுதங்களையும் அவை சார்ந்த பொருட்களையும் வாங்கியிருக்கிறது. ரஷ்யாவிலிருந்து 406 மில்லியன், சீனாவிலிருந்து 267 மில்லியன், சிங்கப்பூரில் இயங்கும் நிறுவனங்கள் வழியாக 254 மில்லியன், இந்தியாவிலிருந்து 51 மில்லியன், தாய்லாந்திலிருந்து 28 மில்லியன். சின் மாநிலத்துக் கிராமத்தில் விழும் குண்டுக்கும் நம் அண்டை வீட்டு வங்கிக் கணக்குக்கும் தொடர்பு இருந்தது.

அந்த அறிக்கை வந்ததும் சிங்கப்பூர் அரசு விசாரணையில் இறங்கியது. அடுத்த ஆண்டு அதே ஆய்வாளர் மீண்டும் கணக்குப் பார்த்தார். 110 மில்லியன் டாலருக்கு மேல் இருந்த சிங்கப்பூர் வழி, ஒரே ஆண்டில் சுமார் 10 மில்லியனாக இறங்கிவிட்டது. வங்கிகள் மூலம் இராணுவம் வாங்கிய மொத்தக் கொள்முதலே 377 மில்லியனிலிருந்து 253 மில்லியனாகக் குறைந்தது.

ஒரே ஒரு சின்ன நாடு தன் வீட்டுக் கதவைச் சாத்தியது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஐநா பேரவையில் 119 நாடுகள் கை தூக்கியும் நடக்காதது அது. அதே சமயம் தாய்லாந்து வழி ஏறக்குறைய இரு மடங்கானது என்பதையும் மறைக்கக் கூடாது. ஒரு கதவை அடைத்தால் இராணுவம் பக்கத்துக் கதவைத் தட்டுகிறது. அதனால்தான் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து நிற்க வேண்டும் என்கிறோம்.

எரிவாயுவும் அப்படியே. டோட்டல், செவ்ரோன் நிறுவனங்கள் 2022 ஜனவரியில் மியன்மாரிலிருந்து விலகுவதாக அறிவித்தன. அதே ஆண்டு ஏப்ரலில் நம் பெட்ரோனாசும் யெத்தாகுன் வயலிலிருந்து விலகுவதாகச் சொன்னது. நாற்காலி விஷயத்திலும் பிடி இறுகியது. 2021 அக்டோபரிலிருந்து ஆசியான் உச்சநிலை மாநாட்டுக்கு மின் ஆங் லைங் அழைக்கப்படவில்லை. 2026-க்கு மியன்மாருக்கு வர வேண்டிய தலைமைப் பொறுப்பு பிலிப்பைன்ஸுக்குக் கொடுக்கப்பட்டது. 2025 டிசம்பரிலும் 2026 ஜனவரியிலும் கட்டங்கட்டமாக இராணுவம் நடத்திய தேர்தலுக்கு, ஆசியான் என்ற முறையில் பார்வையாளர்களை அனுப்பவில்லை.

ஆக, பலன் தருமா என்ற கேள்விக்கு என் பதில் இது: வாயால் கொடுக்கும் நெருக்குதல் பலன் தராது. நம் கையில் இருப்பதை வைத்துக் கொடுக்கும் நெருக்குதல் தரும்.

நம் கையில் என்ன இருக்கிறது?

மலேசியாவின் கையில் இரண்டு இருந்தன. ஒன்று, 2025-இல் கிடைத்த தலைமை நாற்காலி. பிரதமர் டத்தோ ஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அந்த ஆண்டு ஏப்ரலில் பாங்காக்கில் மின் ஆங் லைங்கைச் சந்தித்தார். நிலநடுக்கத்துக்குப் பிந்திய போர்நிறுத்தமும் உதவிப் பொருட்களும்தான் பேச்சு. மறுநாளே எதிர்த்தரப்பான தேசிய ஐக்கிய அரசாங்கத்தோடும் காணொளியில் பேசினார். இருதரப்போடும் வெளிப்படையாகப் பேசியது துணிச்சலான காரியம், பாராட்டுகிறேன். இருந்தாலும் குண்டு விழுவது நிற்கவில்லை.

இரண்டாவது, நம் வீட்டுக் கதவு. இங்கேதான் எனக்கு நெஞ்சு உறுத்துகிறது.

2021 பிப்ரவரி 23-ஆம் தேதி. ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து 22 நாட்கள். குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் இருந்த மியன்மார் நாட்டினர் 1,200 பேரை அனுப்புவதற்குக் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அன்று இடைக்காலத் தடை விதித்தது. அன்றே லுமுட் கடற்படைத் தளத்திலிருந்து 1,086 பேர் அனுப்பப்பட்டார்கள். எதில் தெரியுமா? மியன்மார் கடற்படையின் மூன்று கப்பல்களில். எந்த இராணுவத்தைப் பற்றிக் கவலை தெரிவித்தோமோ, அதே இராணுவத்தின் கப்பலில்! அவர்களில் அகதிகள் யாரும் இல்லை என்று குடிநுழைவுத் துறை சொன்னது. ஆனால் 2019 ஆகஸ்டிலிருந்து ஐநா அகதிகள் ஆணையத்தை முகாம்களுக்குள் விடாதபோது, அகதி யார், தொழிலாளி யார் என்று பிரித்துச் சொன்னது யார்?

2024 பிப்ரவரியில் மியன்மார் இராணுவம் கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தைக் கையில் எடுத்தது. 18 முதல் 35 வயது வரை ஆண்கள், 18 முதல் 27 வயது வரை பெண்கள். இனி நாம் ஓர் இளைஞனைத் திருப்பி அனுப்பினால் அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, அவன் ஊரையே சுடச் சொல்வார்கள். நாம் ஆயுதம் விற்கவில்லை, சரி. ஆள் அனுப்பலாமா?

எதிர்க்கேள்விகளும் உண்டு

கிள்ளானில் ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தபோது ஒரு பெரியவர் கேட்டார்: "ஏம்மா, இங்கேயே பிறந்த நம்ம பிள்ளைங்க எத்தனை பேர் அடையாள அட்டை இல்லாம அலையுறாங்க. இவங்களுக்குப் பேச வந்துட்டியே?"

நியாயமான கேள்வி. ஐயா, பத்திரம் இல்லாதவனின் வலி நமக்குத்தான் நன்றாகத் தெரியும். பள்ளியில் பெயர் சேர்க்க முடியாத பிள்ளையின் முகம் நமக்குத் தெரியும். ஒருவருக்குக் கேட்டால் மற்றவருக்குக் குறைந்துவிடும் என்பதற்கு இது ஒன்றும் பந்தியில் தீர்ந்துபோகும் பாயசம் அல்ல.

"இவர்கள் வந்ததால் நம் சம்பளம் குறைகிறது" என்பார்கள். சம்பளத்தைக் குறைப்பது யார்? சட்டப்படி வேலை செய்ய உரிமை இல்லாதவனை வைத்து, 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தைக் கொடுக்காமல் தப்பிக்கும் முதலாளி. அவனுக்கு வேலை உரிமை கொடுங்கள். சம்பளப் பேரத்தில் அவனும் நம்மோடு ஒரே வரிசையில் நிற்பான்.

"அது அவர்கள் நாட்டு விவகாரம்" என்பார்கள். 2025-இல் இங்கே ஐநாவிடம் பதிந்த அகதிகள் 2 லட்சத்தை ஒட்டினார்கள். பத்தில் ஒன்பது பேர் மியன்மார் நாட்டினர். புடுவிலும் செலாயாங்கிலும் கிள்ளானிலும் நமக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் பிடித்த தீ நம் கூரைக்கு வந்த பிறகும் அது அவர்கள் வீட்டுத் தீயா?

அதனால் நாம் கேட்க வேண்டியவை மூன்று. உயிருக்கும் உரிமைக்கும் ஆபத்து இருக்கும்வரை யாரையும் அந்த இராணுவத்திடம் ஒப்படைக்காதீர்கள். ஐநா அகதிகள் ஆணையத்தைத் தடுப்பு முகாம்களுக்குள் விடுங்கள். ஆயுதத்துக்கும் விமான எரிபொருளுக்கும் போகும் பணம் நம் வங்கி, நம் துறைமுகம் வழியாகப் போகிறதா என்று சிங்கப்பூர் பார்த்ததுபோல் நாமும் பாருங்கள். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை, உண்மைதான். ஆனால் இந்த மூன்றையும் செய்ய அந்தக் கையெழுத்து தேவையில்லை. ஐநா மன்றம் கூட வேண்டியதில்லை, சீனாவின் சம்மதமும் வேண்டாம். புத்ராஜெயாவில் முடிவெடுத்தால் போதும். அப்படிச் செய்துவிட்டு நம் அமைச்சர் ஜெனரல்களின் முன் உட்கார்ந்து பேசினால் அந்தப் பேச்சுக்குக் கனம் இருக்கும். செய்யாமல் பேசினால், "எங்கள் ஆட்களை நீங்கள்தானே எங்கள் கப்பலில் ஏற்றிவிட்டீர்கள்" என்று அவர்கள் சிரிப்பார்கள்.

நேயர்களே, அடுத்த முறை "ஆழ்ந்த கவலை தெரிவித்தது" என்று நான் வாசிக்கும்போது, நீங்கள் தொலைக்காட்சியைப் பார்த்து ஒரே ஒரு சொல் கேளுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் விருந்துக்கும் திருவிழாவுக்கும் வரும்போது அவரிடமும் அதையே கேளுங்கள். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது மேசை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பையன்.

"கவலைப்பட்டு?"